மேசையில் நான்கு சார்ஜர்

கான்கிரீட் பீமில் ஆறு துளை. 8 மி.மீ. பிட், 50 மி.மீ. ஆழம். புத்தக அலமாரி ஒன்றை மாட்ட அவ்வளவுதான் வேலை. மூன்று துளை வரை ஒழுங்காகப் போனது. நான்காவதில் பாதி ஆழம் போனதும் டிரில் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. பேட்டரியில் நான்கு விளக்கில் மூன்று எரிகிறது. டிரிகரை விட்டு மறுபடி அழுத்தினால் அரைச் சுற்று சுற்றி நிற்கிறது. ஏணியில் நின்றபடியே இதை ஆறு முறை செய்து பார்த்தேன், ஏழாவது முறை அதற்கு மனசு மாறிவிடும் என்பது போல.

இறங்கி வந்து சார்ஜரில் போட்டேன். பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு வந்துவிட்டது. அப்போதுதான் சந்தேகம் தட்டியது. உண்மையிலேயே காலியான பேட்டரி என்றால் அரை மணி நேரமாவது இழுக்கும். இது நிறையவும் இல்லை, காலியாகவும் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று மற்றதோடு ஒத்துப்போகவில்லை.

உத்தரவாதக் காலம் முடிந்து வெகு நாளாகிவிட்டதால் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். எந்த பிராண்டு என்று சொல்லப் போவதில்லை. இது எந்தப் பேட்டரிக்கும் வரக்கூடிய நோய். நான்கு மூலையிலும் டி10 நட்சத்திர ஸ்க்ரூ, அதில் ஒன்றின் நடுவில் குட்டி முளை. சாதாரண பிட் நுழையாது, நடுவில் துளை உள்ள பிட் வேண்டும். கழற்றுவதற்கு முன் வாட்சையும் மோதிரத்தையும் எடுத்து வைத்தேன். இந்தச் செல்களில் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒரு குறடு தொட்டால் போதும், குறடே பற்றவைப்புக் கம்பி போலாகிவிடும்.

மூடியைத் தூக்கினால் ஐந்து செல். ஒவ்வொன்றும் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அதனால்தான் அதற்கு 18650 என்று பெயர். ஐந்தும் வரிசையாக நிக்கல் பட்டையால் இணைக்கப்பட்டிருந்தன. மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன்: 4.18, 4.17, 4.18, 3.31, 4.18.

அந்த நான்காவது செல்தான் குற்றவாளி. மற்ற நான்கும் வயிறு நிறைய இருக்க, இது மட்டும் பட்டினி. கூட்டினால் 20 வோல்ட் வருகிறது. விளக்குகள் மொத்தத்தைத்தான் பார்க்கின்றன, அதனால் மூன்று எரிகிறது. சார்ஜர் போட்டால் மற்ற நான்கும் சீக்கிரம் நிறைந்துவிடுகின்றன, அதோடு நிறுத்திவிடுகிறது. டிரில் கான்கிரீட்டில் கடுமையாக இழுக்கும்போது இந்த ஒரு செல் மட்டும் சரிந்து விழுகிறது, பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் அணைக்கிறது. மோட்டார், கியர், சக் எல்லாம் நன்றாக இருந்தும் கருவி செத்த மாதிரி கிடப்பதற்கு இது போதும்.

பெஞ்ச் சப்ளையை (வோல்ட்டையும் ஆம்பியரையும் நாமே அமைக்கும் மின்பெட்டி) 4.15 வோல்ட், 1 ஆம்பியரில் வைத்து அந்த ஒரு செல்லுக்கு மட்டும் சார்ஜ் ஏற்றினேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, கை வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டே. மாட்டினால் டிரில் புதுசு போல ஓடியது. அன்று மாலை எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நான்கு நாள் தொடாமல் வைத்து மறுபடி அளந்தேன். மற்ற நான்கும் அப்படியே இருந்தன. அந்தச் செல் மட்டும் 3.6க்கு இறங்கியிருந்தது. சும்மா இருக்கும்போதே தானாக ஒழுகுகிற செல்லை எத்தனை முறை நிரப்பினாலும் பயனில்லை. ஒரு செல்லை மட்டும் மாற்றலாம்தான், ஆனால் பழைய நான்கோடு புதிய ஒன்று சேர்ந்தால் சில மாதத்தில் மறுபடி இதே கதை. சால்டரிங் அயர்னைச் செல்மேல் நேராக வைக்கவும் கூடாது, அந்தச் சூடு உள்ளே போனால் வேறு வம்பு. முனைகளில் டேப் ஒட்டி, மறுசுழற்சிக்கு எடுத்து வைத்தேன்.

புது பேட்டரி வாங்குவதா, டிரில்லையே மாற்றிவிடுவதா? தினமும் இதே வேலையாக இருக்கும் தச்சர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் போனேன்.

“அண்ணே, கார்ட்லெஸ்ல எந்த பிராண்டு நல்லது?”

பலகையில் பென்சில் கோடு இழுத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. “அது இருக்கட்டும் தம்பி. உங்கிட்ட எத்தனை சார்ஜர் இருக்கு?”

வந்து எண்ணிப் பார்த்தேன். நான்கு! அப்பா காலத்து 12 வோல்ட் நிக்கல் காட்மியம் டிரில்லுக்கு ஒன்று. செத்துப்போன 18 வோல்ட்டுக்கு ஒன்று. சின்ன 12 வோல்ட் லித்தியம் ஸ்க்ரூ டிரைவருக்கு ஒன்று. ஏதோ ஒரு நாள் சலுகையில் தனியாக வாங்கிய ஜிக்சாவுக்கு ஒன்று. நான்கு கருவி, நான்கு சார்ஜர், ஒன்றின் பேட்டரி இன்னொன்றில் ஏறாது. கருவி வாங்கியதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பேட்டரி குடும்பம் ஒன்றை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே போயிற்று. முதலில் வோல்டேஜ் குழப்பம். லித்தியம் அயன் செல் ஒன்றின் சராசரி 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வரை போகும். ஐந்து செல் என்றால் சராசரி 18, நிறைந்ததும் 20க்குச் சற்று மேல். டிவால்ட் வட அமெரிக்காவில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்றும் ஐரோப்பாவில் ‘18 வோல்ட் எக்ஸ்ஆர்’ என்றும் விற்பது ஒரே வகைப் பேட்டரியைத்தான். பாஷ் முன்பு 10.8 என்று போட்டதை இப்போது 12 என்று போடுகிறது. இரண்டிலும் செல் மூன்றுதான். ஹில்ட்டியின் நியூரான் 22 வோல்ட் என்பதில் மட்டும் உண்மையிலேயே ஒரு செல் கூடுதல். மக்கிடாவின் 40 வோல்ட் மேக்ஸ் பத்து செல் வரிசை, அதாவது சராசரி 36. அப்பாவின் நிக்கல் காட்மியத்தில் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், ஆகவே 12 வோல்ட்டுக்குப் பத்து செல். அந்த டிரில் ஏன் செங்கல் மாதிரி கனக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. பிளாக் அண்ட் டெக்கர் 1961ல் கொண்டுவந்த முதல் கார்ட்லெஸ் டிரில்லிலும் இந்த நிக்கல் காட்மியம்தான். 2005ல் மில்வாக்கி 28 வோல்ட்டிலும் மக்கிடா 18 வோல்ட்டிலும் லித்தியம் அயனைக் கொண்டுவந்த பிறகுதான் கைக்கு விடுதலை.

அடுத்தது உறவுமுறை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருப்பேன். ஒரே முதலாளி என்றால் பேட்டரியும் ஒத்துப்போகும் என்று நினைக்கத் தோன்றும். மில்வாக்கியும் ரியோபியின் மின் கருவிகளும் டிடிஐ என்ற ஒரே நிறுவனத்திலிருந்து வருகின்றன, ஆனால் பேட்டரி ஒன்றுக்கொன்று ஏறாது. பாஷிலேயே நீலம் தொழில்முறைக்கு, பச்சை வீட்டுக்கு. இரண்டும் 18 வோல்ட், ஆனாலும் நீலத்தின் பேட்டரி பச்சையில் நுழையாது. மக்கிடாவின் 18 வோல்ட் பேட்டரி அதே மக்கிடாவின் 40 வோல்ட் கருவியில் ஏறாது. உச்சகட்டம் மெட்டாபோ. ஹிட்டாச்சி கோக்கியின் கருவிகள் 2018ல் ஹைகோக்கி என்று பெயர் மாறியபோது, வட அமெரிக்காவில் மட்டும் அதே கருவிகளுக்கு ‘மெட்டாபோ எச்பிடி’ என்று பெயர் வைத்தார்கள். பெயரில் மெட்டாபோ இருக்கிறது, மெட்டாபோவின் பேட்டரி மட்டும் ஏறாது. சொந்தக்காரர்கள்தான், பேச்சுவார்த்தை இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரியோபியின் ஒன் பிளஸ் 1996 முதல் ஒரே பேட்டரி வடிவத்தைக் காப்பாற்றி வருகிறது. பழைய கருவியில் புதிய லித்தியம் ஏறும். வீட்டுக்காரருக்கு இது பெரிய வசதி. மெட்டாபோ 2018ல் தொடங்கிய சிஏஎஸ் கூட்டணியில் பல நிறுவனங்கள் ஒரே 18 வோல்ட் பேட்டரியைப் பகிர்ந்துகொள்கின்றன. பாஷும் தன் பச்சைக்கும் நீலத்துக்கும் தனித்தனியாக இப்படிக் கூட்டணி வைத்திருக்கிறது. டிவால்ட்டின் ஃபிளெக்ஸ்வோல்ட் பேட்டரி இன்னொரு வகைக் கெட்டிக்காரத்தனம். உள்ளே 15 செல். 18 வோல்ட் கருவியில் மாட்டினால் ஐந்தைந்தாகப் பக்கவாட்டில் சேர்ந்துகொள்கிறது, பெரிய கருவியில் மாட்டினால் பதினைந்தும் ஒரே வரிசையாகி 54 வோல்ட் தருகிறது. ஹைகோக்கியின் மல்டி வோல்ட்டும் இதே போல 18க்கும் 36க்கும் தானாக மாறிக்கொள்ளும்.

படித்தது போதும் என்று சனிக்கிழமை அந்தத் தச்சர் அண்ணனின் பட்டறைக்குப் போனேன். ஒரு பழைய உத்திரக் கட்டை, ஒரு பெட்டி நிறைய 6 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீள ஸ்க்ரூ. முன்துளை போடாமல் நேராக ஏற்றுவது. வீட்டு வகை டிரில் ஒன்று, தொழில்முறை டிரில் ஒன்று, இரண்டும் வேறு வேறு பிராண்டு, இரண்டும் இரவல்.

வீட்டு வகை 2 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியோடு இருந்தது. ஒன்பது ஸ்க்ரூ ஏறியதும் காற்றுத் துளை வழியாக வந்த வாசனை மூக்கில் ஏறியது. தொழில்முறையில் 5 ஆம்பியர் அவர். முப்பது ஏற்றியும் பிடித்த கைதான் களைத்தது. சரி, தீர்ப்பு எழுதிவிடலாம் என்று நினைத்தபோது அண்ணன் ஒரு காரியம் செய்தார். தொழில்முறை டிரில்லிலிருந்து அந்தப் பெரிய பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதே பிராண்டின் சின்ன 2 ஆம்பியர் அவர் பேட்டரியை மாட்டினார். “இப்ப ஓட்டிப் பாரு.”

அதே டிரில், அதே கட்டை, அதே கை. கடைசி 20 மி.மீ.க்கு ஸ்க்ரூ தலை உள்ளே புதைய வேண்டிய இடத்தில் சத்தம் இறங்குகிறது, திணறுகிறது, சில இடங்களில் நின்றேவிடுகிறது. எனக்கு இந்த வாரத்திலேயே கிடைத்த பெரிய பாடம் அதுதான். 2 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஐந்து செல் ஒற்றை வரிசை. 30 ஆம்பியர் இழுத்தால் ஒவ்வொரு செல்லும் 30ஐயும் தாங்க வேண்டும். 5 ஆம்பியர் அவர் பேட்டரியில் பத்து செல், இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் 15தான். மின்னோட்டம் பாதியானால் செல்லுக்குள் வரும் சூடு நான்கில் ஒன்றாகிறது, வோல்டேஜும் அவ்வளவாகச் சரிவதில்லை. பெரிய பேட்டரி நீண்ட நேரம் ஓடும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அது கருவியையே வலுவாக்குகிறது. ஆக, இரண்டு பிராண்டை எடைபோடுகிறவர் முதலில் இரண்டிலும் எத்தனை செல் என்று பார்க்க வேண்டும். ஒன்றில் ஐந்தும் இன்னொன்றில் பத்தும் வைத்துக்கொண்டு ‘இந்த பிராண்டு தோற்றது’ என்று சொல்வது, ஒருவனுக்குச் சைக்கிளும் இன்னொருவனுக்கு மோட்டார் சைக்கிளும் கொடுத்து ஓட்டப்பந்தயம் வைத்த கதை.

வீட்டு வகையிலும் பத்து செல் பேட்டரியைப் போட்டு ஓட்டினோம். எண்ணிக்கை கூடியது. ஆனால் வாசனை இன்னும் சீக்கிரம் வந்தது. இங்கேதான் உண்மையான வேறுபாடு. வலு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த வலுவை இடைவிடாமல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில்தான் வீட்டுக் கருவியும் தொழில் கருவியும் பிரிகின்றன. பெட்டியில் போட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் எண் (திருகும் விசையின் அளவு) இதைச் சொல்லாது. சில பெட்டிகளில் அந்த எண்ணே இரண்டு இருக்கும், ஒன்று கெட்டியான இணைப்புக்கு, ஒன்று மென்மையான இணைப்புக்கு. பெரிய எழுத்தில் இருப்பது எது என்று சொல்லத் தேவையில்லை.

கான்கிரீட் பக்கம் வந்தால், என் முதல் தவறே கருவியில்தான். ஹாம்மர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு வட்டு ஒன்றின்மேல் ஒன்று உரசிக் குதிக்கும், அவ்வளவுதான். அந்தக் குதிப்புக்கு வேகம் உண்டு, கனம் இல்லை. கனம் கொடுப்பது நம் தோள். செங்கலுக்கு அது போதும். கான்கிரீட்டுக்கு எஸ்டிஎஸ் பிளஸ் (தண்டில் பள்ளம் வெட்டிய பிட் மாட்டும் வகை) ரோட்டரி ஹாம்மர் வேண்டும். அதனுள்ளே பிஸ்டன் ஒன்று காற்றை அமுக்கி, அந்தக் காற்று சுத்தியை வீசுகிறது. அதைக் கையில் வாங்கி ஒரு கான்கிரீட் துண்டில் வைத்தபோது பழைய பழக்கத்தில் முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினேன். அண்ணன் தோளைத் தொட்டார். “அமுக்காதே தம்பி. அதுவே அடிக்கும், நீ வழி காட்டினாப் போதும்.” பிடியைத் தளர்த்தியதும் பிட் தானாக இறங்கியது, சாம்பல் நிறப் பொடி பிட்டின் பள்ளத்தில் சுருண்டு சுருண்டு வெளியே வந்தது. நான் ஏணியில் வேர்வை வழிய நின்ற வேலை சில நொடியில் முடிந்தது. என் பேட்டரியைக் கொன்றதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை அந்தப் பொடியைப் பார்த்து ஒப்புக்கொண்டேன்.

பட்டறையில் இன்னொன்றும் கவனித்தேன். 18 வோல்ட் பட்டாளம் முழுவதும் இருந்தும் அவர் பையில் கை விட்டால் முதலில் வெளியே வருவது சின்ன 12 வோல்ட்தான். கீல் மாட்ட, கைப்பிடி மாட்ட, அலமாரிக்குள் தலையை நுழைத்து வேலை செய்ய, கனம் இல்லாத கருவிதான் வேண்டும். வீட்டுக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்கப் போகிறேன் என்று யாராவது கேட்டால் என் பதிலும் இப்போது அதுதான், கான்கிரீட்டைத் தொடாதவரை.

பிரஷ்லெஸ் மோட்டார், அதாவது உள்ளே உரசும் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் பற்றி ஒரு கருத்து, கொஞ்சம் எதிர்நீச்சல். அது நல்லதுதான். உராய்வு குறைவு, சூடு குறைவு, ஒரே பேட்டரியில் அதிக வேலை நடக்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு மறுபேச்சே வேண்டாம். ஆனால் பழுது பார்க்கிறவன் கண்ணில் பார்த்தால்? அப்பாவின் பழைய டிரில் விட்டு விட்டு ஓடி, பின்பக்கம் பொறி பறந்தது. பிரித்தால் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து 4 மி.மீ.தான் மிச்சம். புதிதாக மாட்டி, சுமை இல்லாமல் சில நிமிடம் ஓடவிட்டதும் பிரஷ் வளைவுக்குப் பழகிப் பொறி அடங்கிவிட்டது. கால் மணி நேர வேலை. பிரஷ்லெஸ்ஸில் போர்டு போனால் பல கருவிகளில் சுவிட்ச், போர்டு, மோட்டாரின் ஒரு பகுதி எல்லாம் ஒரே கட்டாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். பழுது பார்ப்பதும் புதுசு வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். வாங்குவதற்கு முன் அந்த மாடலின் உதிரிபாக வரைபடம் கிடைக்கிறதா, பாகங்களுக்கு எண் போட்டிருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன் இப்போது. வரைபடமே இல்லாத கருவியை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருளாகத்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

நடுவில் ஒரு குறுக்கு வழியும் முயன்று சூடுபட்டேன். ஒரு பிராண்டின் பேட்டரியை இன்னொரு பிராண்டின் கருவியில் மாட்டும் அடாப்டர். ஜிக்சா அழகாக ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, அதுதான் பிரச்சினை. வோல்டேஜ் குறைந்ததும் நிறுத்தும் வேலையைச் சில பிராண்டுகள் பேட்டரிக்குள் வைத்திருக்கின்றன, சில கருவிக்குள் வைத்திருக்கின்றன. இரண்டும் இல்லாத ஜோடியைச் சேர்த்துவிட்டேன். பேட்டரி 9 வோல்ட் வரை காய்ந்து, சார்ஜரே அதை ஏற்க மறுத்துவிட்டது. நல்லவேளை, பழைய பேட்டரி.

போலி பேட்டரி பற்றி மட்டும் ஒரு வழி சொல்கிறேன். தராசு போதும். 18650 செல் ஒன்று 45 கிராம் அளவில் இருக்கும். பத்து செல் உள்ள 5 ஆம்பியர் அவர் பேட்டரி கூட்டோடு சேர்த்து 600 கிராமுக்கு மேல் வர வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் பார்க்க வாங்கிய ஒன்று 390 காட்டியது. மேலே 5 என்று பளபளவென்று அச்சு, உள்ளே அதற்கான சரக்கு இல்லை.

கடைசியில் எதில் நின்றேன்? மக்கிடா 18 வோல்ட். காரணத்தை மறைக்கவில்லை: அதன் மோட்டாரோ நிறமோ காரணம் இல்லை, அண்ணனிடம் அதே பேட்டரி ஆறு இருக்கிறது. என்னுடையது தீர்ந்தால் ஓடிப்போய் ஒன்று வாங்கி வரலாம். அவர் டிவால்ட்டோ மில்வாக்கியோ பாஷ் நீலமோ வைத்திருந்தால் நானும் அதையே எடுத்திருப்பேன். தினசரித் தொழிலுக்கு இந்த நான்கில் எதை எடுத்தாலும் வேலை நடக்கும், டிரில்லை டிரில்லோடு மோதவிட்டு வெற்றி தோல்வி சொல்லும் அளவுக்கு இடைவெளி எனக்குத் தெரியவில்லை. அடுத்து என்ன கருவி தேவைப்படும், அது எந்தக் குடும்பத்தில் இருக்கிறது, பழுதானால் யார் பார்ப்பார்கள் என்பதில்தான் இடைவெளி. டிரில்லோடு விளக்கு, காற்றூதி, தோட்ட வேலை என்று வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு ரியோபியும் பாஷ் பச்சையும் தாராளம்.

அப்பாவின் டிரில்லை விட மனமில்லை, அதன் சார்ஜர் இருக்கிறது. சின்ன 12 வோல்ட்டும் இருக்கிறது. செத்துப்போன 18 வோல்ட்டின் இடத்தில் மக்கிடா. ஜிக்சாவை அடாப்டரைச் சேர்க்காமல் ஒரு நண்பரிடம் தள்ளிவிட்டேன், அவரிடம் அந்தக் குடும்பத்து பேட்டரி இருந்தது. ஆக நான்கு சார்ஜர் மூன்றாகியிருக்கிறது.

மறுநாள் ரோட்டரி ஹாம்மரோடு ஏணியில் ஏறினேன். ஐந்தும் ஆறும் பேச்சு மூச்சில்லாமல் முடிந்தன. நான்காவதுதான், டிரில்லை ஆட்டி ஆட்டிப் பார்த்ததில் வாய் அகன்றுபோயிருந்தது. அதற்கு மட்டும் 10 மி.மீ. பிட் போட்டுப் பெரிய பிளக் அடித்தேன். அலமாரி ஏறிவிட்டது. அந்த ஒரு ஸ்க்ரூவின் தலை மட்டும் மற்ற ஐந்தைவிடப் பெரிதாக இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும்.